உடைந்த முட்டைகள்

நாற்பது வயது ஜிதேனின் மரபணுக்களில் குழந்தைப் பருவச் சாப்பாடு விட்டுப்போன தடங்களை, புதிதாக வந்திருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நர்ஸ் படித்துப் பார்த்தாள். "உங்களுக்குச் சர்க்கரை வராது. ரெண்டு வயசுல வாரம் மூணு முட்டை சாப்பிட்டிருக்கீங்க" என்று அடித்துச் சொன்னாள்.

அவனால் நம்ப முடியவில்லை. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்குப் பிழைக்க வந்த குடும்பம், கஞ்சிக்கே வழியில்லை. சூளைக்குப் பக்கத்து அங்கன்வாடிப் பட்டியலிலும் அவன் பெயர் கிடையாது.

அங்கே அப்போது வேலை பார்த்து ஓய்வுபெற்றுவிட்ட அங்கன்வாடி டீச்சர் செல்லக்கனியைத் தேடிப் போய் ரிப்போர்ட்டைக் காட்டினான்.

"பேர் இல்லாத புள்ளைக்கு முட்டை குடுக்கக் கூடாதுன்னாங்க. அதனால முட்டை போடுற அன்னிக்கெல்லாம் ஒண்ணு ஒடஞ்சிருச்சுன்னு எழுதிட்டு உனக்குக் குடுத்தேன். கவனக்குறைவுன்னு மெமோ வேற வந்துச்சு" என்றார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு தம்பி. ஒரு முட்டைகூட ஒடையலன்னு ஆபீசுல காட்டணும்."