விற்றவர் வைத்துக்கொண்ட கயிறு

மாட்டின் மூச்சில் நுரையீரலை அழிக்கும் மரபணு கொண்ட கிருமி இருந்தால், சோதனை மருந்தூட்டிய மூக்கணாங்கயிறு சிவந்துவிடும். கோமளவல்லி வாங்கிய பசுவுக்கு அப்படியொரு புதுக்கயிறு போட்ட மறுநாளே அது சிவந்தது. அதற்குள் அவளுடைய கன்றுகள் இருமத் தொடங்கியிருந்தன.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, சிவந்த கயிற்றை அவிழ்த்துச் சாதாரணக் கயிற்றை மாட்டி, விற்ற மாசிலாமணியின் வீட்டுக்கே பசுவை ஓட்டிப்போனாள்.

"இதோட பழைய கயித்தக் காட்டுங்கண்ணே."

"வித்த மாட்டோட கயித்த வெளிய எடுத்தா வீட்டு லட்சுமி போயிடும் தாயி. அதான வழக்கம்."

"அப்ப மாட்டையும் நீங்களே வெச்சுக்கங்க" என்று பசுவைத் தொழுவத்துப் பக்கம் இழுத்தாள்.

மாசிலாமணி பதறி ஓடிவந்து தொழுவத்தின் மூங்கில் படலைச் சாத்தி மறித்தார். "உள்ள விட்டுடாத. என் மாடுங்களுக்கும் ஒட்டிக்கும்."

"எது ஒட்டிக்கும்ணே? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்ற கோமளவல்லி, படலை எட்டி உதைத்தாள்.