கீ யூசர்

"மேடம், பெரிய சைஸ் போல்ட் எவ்வளவு ஸ்டாக் இருக்கு?"

"கீது சார்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"நெறைய கீது சார்."

"சரி, எங்க இருக்கு?"

"இங்கதான் எங்கியாவது கெடக்கும். அதுக்கு இன்னா காலா கீது, எயிந்து போறதுக்கு?"

ஜெர்வின் முகத்தைச் சுளித்துக்கொண்டு லேப்டாப்பில் எதையோ தட்டினான். லூர்தம்மாள் அவனை எரித்துவிடுவது போல முறைத்தாள். பக்கத்தில் நின்ற முதலாளி கஜபதிக்கோ உள்ளுக்குள் சரவெடி. இப்படி ஒரு கல்நெஞ்சக்காரனைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

மண்ணூர்பேட்டையில் லாரிகளுக்குக் கிளாம்ப் அடிக்கும் அந்தக் கம்பெனிக்கு, கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் சாப்ட்வேர் ஒன்று தேவைதான். எதை வாங்குவது, எப்படி ஓட்டுவது என்று சொல்லத்தான் கன்சல்டன்ட் ஜெர்வின் வந்திருந்தான். ஆனால் கஜபதிக்கு அதைவிட அவசரமாக ஒன்று ஆக வேண்டியிருந்தது. ஸ்டோர்ஸ் லூர்தம்மாளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அவரே அனுப்பலாம். ஆனால் அப்பா காலத்து மனுஷி. டிரவுசர் போட்ட வயதிலிருந்து அவரைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறவள். வீடு கோவில்பதாகைப் பக்கம் என்பதற்கு மேல் அவளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவள் அழுதால் ஷிப்டே நின்றுவிடும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாத முதலாளிகளுக்காகத்தானே கன்சல்டன்ட் என்றோர் இனத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்! நல்லவேளையாக, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் யாரோ செருகி வைத்திருந்த விசிட்டிங் கார்டு அவர் கண்ணில் பட்டது.

ஆட்களை எல்லாம் கூட்டி வைத்துச் சொல்லியும் விட்டார். "இதுல நான் வாயே தொறக்க மாட்டேன்பா. கன்சல்டன்ட் சார் இன்னா சொல்றாரோ அதான் முடிவு."

மதியம் ஜெர்வினுக்குப் பிரியாணி வரவழைத்தார்.

"வேணாம் சார். வீட்லருந்தே கொண்டு வந்துட்டேன்."

டப்பாவைத் திறந்தான். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு ஏ.சி. அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கழுத்தில் டை, காலில் பளபளக்கிற ஷூ, சோற்றுக்குக் கருவாடு! கஜபதி மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டு ஸ்டோர்ஸ் பக்கம் போனார். அங்கே லூர்தம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயும் அதே வாசனை. மழை நாளாச்சே, ஏரியா முழுக்கக் கருவாடுதான் போல என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்தியா தம்பி, அந்தப் பையன் என்னா மொறை மொறைக்கிறான்! பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாத கீதா? எந்த மவராசி பெத்து வளத்தாளோ!"

"படிச்ச பசங்கன்னா அப்படித்தான்மா. நாம இன்னா பண்றது?" என்று வருத்தப்பட்டார் கஜபதி. அந்த வருத்தத்துடன் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

ஒரு மாதம் ஆராய்ந்து முடித்து, சுவரில் படம் காட்டினான் ஜெர்வின். வட்டம், அம்பு, அம்புக்குள் வட்டம். எல்லோரும் புரிந்தது போலத் தலையாட்டினார்கள். லூர்தம்மாள் கதவோரமாக நின்றாள்.

"மூணு சாப்ட்வேர் பார்த்தோம் சார். உங்களுக்கு இதுதான் பொருத்தம்."

"அது கெடக்கட்டும். ஆளுங்க விஷயம்?"

"ஒருத்தரை மட்டும் மாத்தணும் சார்."

"கூச்சப்படாதீங்க. தைரியமா சொல்லுங்க."

"லூர்தம்மா மேடம். அவங்களை ஸ்டோர்ஸ்லருந்து உடனே எடுத்துடணும்."

"எடுத்துடலாம்!" கஜபதி நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"எடுத்து, கீ யூசராப் போடணும்."

"கீயா? ஸ்டோர்ஸ் சாவி இப்பவும் அந்தம்மா இடுப்புலதானே தொங்குது?"

"அந்தக் கீ இல்ல சார். சாப்ட்வேர் டீமுக்கும் கம்பெனிக்கும் நடுவுல நிக்கிற முக்கியமான ஆள். இங்க எது எங்க இருக்குன்னு எந்த ரெக்கார்டும் இல்ல. எல்லாமே மேடம் தலைக்குள்ளதான் இருக்கு."

"எதைக் கேட்டாலும் 'நெறைய கீது'ன்னுதானேய்யா சொல்லிச்சு!"

"அதேதான் சார். அந்த 'நெறைய'வ நம்பரா மாத்தணும். ரெண்டு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் அவங்களை விட்டுடாதீங்க. சம்பளத்தைக் கூட்டி, ஏ.சி. ரூமும் குடுத்துடுங்க."

"ஏ.சி. எதுக்கு?"

"டேட்டா சூடாயிடும் சார்."

கஜபதி சுற்றிலும் பார்த்தார். கன்சல்டன்ட் சொல்வதுதான் முடிவு என்று அவரே சொன்னதை எல்லோருமே ஞாபகம் வைத்திருந்தார்கள். அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

லூர்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏ.சி. எனுக்கு ஒத்துக்காது தம்பி. இன்னா பண்றது, சாரே சொல்லிட்டாரு."

சாயங்காலம் சங்கு ஊதியது. தலையைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார் கஜபதி. ஜன்னலுக்குக் கீழே, மதிலுக்கு அந்தப் பக்கத்தில் பைக் ஒன்று உறுமிக் கிளம்பியது. கூடவே, பழகிய குரல் ஒன்று.

"மெதுவா போடா, அம்மா பின்னால கீறேன்ல!"