பக்கத்து சீட் பிரேக்

“பிரேக்கை மிதிச்சது நான் இல்லை மாஸ்டர்!”

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி அந்தப் பெண்மணி அலறினாள்.

அவள் சொன்னது உண்மை. மிதித்தது பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல் காரில், சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் மிதிப்பதற்காக. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. மாஸ்டர்தான் கண்ணாடியில், பின்னால் பைக்கில் வரும் போலீஸ் உடுப்பைப் பார்த்தார். கால் தானாகப் போய் அழுத்திவிட்டது. கார் நடுரோட்டில் நிற்க, உடுப்பு வந்து பம்பரில் ‘டொம்’மென்று மோதியது.

பத்து வருஷமாக, ‘திடீர் பிரேக் மட்டும் போடாதீங்க’ என்று ஊருக்கே பாடம் எடுத்த கால் அது.

கால் பதறியதற்குக் காரணம் இருந்தது. மாஸ்டருடைய லைசென்ஸ் ரத்தாகி நாலு மாதம் ஆகிறது. மூன்று தடவை அளவு மீறிய வேகம். மூன்றாவது தடவை, ‘நிதானமாக ஓட்டுவது எப்படி’ என்ற வகுப்பை நடத்த நேரமாகிவிட்டதே என்று பறந்தபோது. ஸ்கூல் முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். மாட்டினால் ஜெயில் வேறு. வீட்டிலோ, ‘எங்கப்பா டிரைவருக்கெல்லாம் டிரைவர்’ என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு ஒரு மகள்.

உடுப்பைவிட அவரை அதிகம் பயமுறுத்தியது, ஸ்டியரிங்கில் இருந்தவள்.

அவள் சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகிறது. கிளட்ச், கியர் பற்றி வாயே திறந்ததில்லை. முதல் நாளே, “லைசென்ஸ் ரத்தானவங்க கமுக்கமா ஓட்டினா எப்படி மாஸ்டர் கண்டுபிடிப்பாங்க?” என்றாள். மறுநாள், “மாட்டினா வேலை போயிடுமா?” என்றாள். மாஸ்டர் உளறிய பதிலையெல்லாம் ஒரு குட்டி நோட்டில் குறித்துக்கொண்டாள். நேற்று அவர் முகத்தையே பார்த்து, “ரத்தான ஆளுங்களுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!” என்றாள்.

லைசென்ஸ் ஆபீஸிலிருந்து வேவு பார்க்க வந்தவள்தான். மாஸ்டர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

ஜன்னலில் ஹெல்மெட் போட்ட தலை முளைத்தது. டிராபிக் கான்ஸ்டபிள்.

“யோவ், ரோடு உன் மாமனார் வீட்டுச் சொத்தா? நடுவுல நிறுத்தறே! நீதான் சொல்லிக்கொடுக்கிற ஆளா? எடு லைசென்ஸை!”

“சார்... அது வந்து... சட்டையை மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன் சார்...”

“லைசென்ஸைச் சட்டையில சேர்த்துத் தச்சு வச்சிருக்கியா? எடுய்யா!”

மாஸ்டர் இருந்த பையையெல்லாம் தடவினார். பிறகு, இல்லாத பையையும் தடவினார்.

“அவரை ஏன் மிரட்டறீங்க? இங்க பாருங்க” என்றாள் அந்தப் பெண்மணி, மெதுவான குரலில்.

கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். லைசென்ஸுக்கு நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது.

அவள் இறங்கி, காருக்குப் பின்பக்கம் போனாள். அவரும் பின்னாலேயே போனார். மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. காட்சி மட்டும் தெரிந்தது. கான்ஸ்டபிள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அவள் விரலை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அவர் பைக் சாவியை எடுத்து அதில் வைத்தார். அது அவளுடைய கைப்பைக்குள் போனது.

மாஸ்டர் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். போலீஸ்காரரிடமே வண்டியைப் பறிமுதல் செய்கிறவள், தன்னைச் சும்மா விடுவாளா?

கான்ஸ்டபிள் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கதவைப் படாரென்று சாத்தினாள். நோட்டை எடுத்தாள்.

மாஸ்டர் உடைந்துபோனார்.

“எழுதிடாதீங்க மேடம்! நானே சொல்லிடறேன். என் லைசென்ஸ் ரத்தாகி நாலு மாசம் ஆச்சு. தினமும் காலையில உங்க வீட்டு வாசலுக்கு வண்டியை ஓட்டிட்டு வர்றது நான்தான். தப்புத்தான். இப்பவே முதலாளிகிட்ட சொல்லி, சாவியையும் கொடுத்துடறேன். என் பொண்ணு காதுக்கு மட்டும் போகவேண்டாம் மேடம்...”

அவள் நோட்டை மூடினாள்.

“அடக் கடவுளே! நீங்களுமா?”

‘நீங்களும்’ என்றால், இதுவரை எத்தனை பேரை மாட்டிவிட்டிருக்கிறாளோ!

“மேடம், சுத்தி வளைக்காம நேரா சொல்லிடுங்க. நீங்க எந்த ஆபீஸ்ல ஆபீசர்?”

“ஆபீசரா? நான் தையல் கடை வச்சிருக்கேன் மாஸ்டர். இதையெல்லாம் வீட்டுல வாசிச்சுக் காட்டி ஒரு ஆளைப் பயமுறுத்தலாம்னு எழுதிட்டுப் போறேன். பயப்பட்டாத்தானே?”

“எந்த ஆளை?”

“இப்பப் போனாரே, அவரைத்தான். என் வீட்டுக்காரர்! சிக்னல்ல நிக்காமப் போய்ப் போய், போன மாசம் லைசென்ஸை ரத்து பண்ணிட்டாங்க. நான் கார் கத்துக்கிட்டு டியூட்டிக்குக் கொண்டுபோய் விடற வரைக்கும் பஸ்லதான் போவேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணின மனுஷன், நான் ஓட்டற வண்டியிலேயே கொண்டுவந்து மோதறார் பாருங்க!”