மாமனார் போட்ட காபி

"இன்னைக்கும் தண்ணியாத்தான் இருக்கு. நாளைக்காவது நல்லா அழுத்திப் போடுங்க" என்று மாமியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

எஸ்பிரெசோ மெஷினின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி மாமனாருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. புது மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பட்டனைத் தட்டினா காபி வர்ற மெஷின் வாங்கிடலாமே அத்தை?"

"வேணாம்மா. எனக்கு இவர் கையால அழுத்தினதுதான் வேணும்."

என்ன அதிகாரம் என்று மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாமனாரை உட்காரவைத்துவிட்டுத் தானே அழுத்தினாள். "வேண்டாம்மா" என்று அவர் தடுப்பதற்குள் காபி கெட்டியாக, பொன்னிற நுரையோடு இறங்கிவிட்டது.

குளித்துவிட்டு வந்த மாமியார் கோப்பையைப் பார்த்து அப்படியே நின்றார். ஒரு வாய் குடித்ததும் கண் கலங்கிவிட்டது.

"பக்கவாதத்துல விழுந்த கைம்மா இது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இவருக்கு ஒரே கௌரவம். அழுத்த அழுத்தத்தான் பலம் வரும்னு டாக்டர் சொன்னார். அதுக்காகத்தான் தினமும் இவரைப் படுத்தினேன். வந்துடுச்சு பாரு."

கணவரின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாதே என்பதுபோல் மாமனார் மெல்லக் கையசைத்தார். இடது கையை.