ஷாக் அடிக்குமா டீச்சர்?

ஞாயிறுதோறும் திருச்சுழி நூலகத்தில் செல்போன் வகுப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸேறி வந்து ஆஃப்ரின் டீச்சர் சொல்லிக்கொடுப்பார். கடைசி பெஞ்ச் முஸாஃபர்தான் முதலில் கை தூக்குவார்.

"சார்ஜ் ஏறயில போன எடுத்துப் பேசுனா ஷாக் அடிக்குமா டீச்சர்?"

வகுப்பே சிரிக்கும். 'இவருக்கு நாம எவ்வளவோ மேல்' என்று கனகலட்சுமியும் தைரியமாகச் சந்தேகம் கேட்பாள்.

உடைந்த போனோடு ஒருநாள் அருப்புக்கோட்டை செல்போன் கடைக்குப் போனாள். அங்கே போன்களைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர் முஸாஃபர்.

"ஏன் பாய், எல்லாம் தெரிஞ்சேவா அப்படிக் கேட்டீக?"

"முத வாரம் நீங்க யாருமே வாயத் தொறக்கல. டீச்சர் எங்கிட்ட வந்து ஒரே அழுகை."

"டீச்சர் எதுக்கு உங்ககிட்ட வந்து அழணும்?"

முஸாஃபர் சிரித்தார். "கட்டுன பொண்டாட்டி வேற யாருகிட்ட போயி அழுவா?"