பத்தாவது நிமிடம்

மரணத்தை வெல்லும் ஒரே கலை சினிமாதான் என்று பேராசிரியர் லியோ மேடைதோறும் முழங்குவார். அதற்கு நூலகர் ராஜலட்சுமியே சாட்சி கொண்டுவருவார் என்று அவர் நினைக்கவில்லை.

"சார், நம்ம யுனிவர்சிட்டி லைப்ரரி ஆன்லைன் படங்கள யாரு பாக்குறாங்கன்னு லிஸ்ட் எடுத்தேன். போன வருசம் தவறிப்போன அருள்சாமி சார் கணக்குல இன்னும் படம் ஓடுதுங்க!"

லியோ டீயைக் கீழே வைத்தார். அவருக்கு முன் துறைத்தலைவராக இருந்தவர் அருள்சாமி. 'எந்தப் படத்தையும் முழுசாப் பாக்காத மனுசன்' என்று இரங்கல் கூட்டத்திலேயே லியோ கேலி பேசியிருந்தார்.

"என்ன படம்மா?"

"நீங்க கிளாஸ்ல நடத்துற அதே உலகப் படங்கதாங்க. பத்து நிமிசத்துல நின்னுபோகுது."

லியோவுக்குப் புல்லரித்தது. அந்தப் பத்து நிமிடம் அவருடைய ரகசியம். செத்தவருக்கு எப்படித் தெரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை ஆவூர் மாதா கோயிலில் அருள்சாமியின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைத்தார். திங்கட்கிழமை மறுபடி படம் ஓடியது. எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று தேடிப் பிடித்த ராஜலட்சுமி, நேரே லியோவின் அறைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையின் மூலையில் அருள்சாமியின் பெயர் இருந்தது.

"இது பழைய சாரோட கம்ப்யூட்டரு, அவரு பாஸ்வேர்டு இதுலயே கெடக்கு சார். நீங்கதான் அவரு கணக்குல பாத்துக்கிட்டு இருக்கீங்க."

லியோவுக்கு உயிர் வந்தது. "அப்ப, உயிரோட இருந்தப்ப அவரு பாத்ததெல்லாம்?"

"எல்லாமே கடைசிவரைக்கும் ஓடியிருக்குங்க சார்."

லியோ ஒரு வருடமாக, பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பாடம் நடத்தி வந்தார்.