பற்று எது, வரவு எது?

"கற்பிப்பது ரத்தத்தில் ஊறி வரவேண்டியது. பாடத்தை ஒத்திகை பார்க்கிறவன் ஆசிரியனே அல்ல, நாடக நடிகன்."

வணிகவியலையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒரே பட்டமாகப் படிக்கும் அவன் இதைக் கல்லூரி கேன்டீனில் அறிவித்தபோது, தலையணைகளை வரிசையாக அடுக்கிப் பாடம் நடத்திப் பழகிய நண்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

பேராசிரியர் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடும் பயிற்சி வகுப்பில் கோட்டைவிட்டால் ஓராண்டு போச்சு. அவன் நோட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைந்தான்.

"பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. புரிஞ்சுதா?"

"சார், ஒரு டவுட்," என்றது முன்வரிசை. "கையிலிருந்து கொடுத்தவனுக்குப் போய் எப்படி சார் வரவு ஆகும்?"

அவன் நோட்டைப் புரட்டினான். "அது... ரூல் அப்படித்தாம்மா."

"யார் சார் போட்ட ரூல்?"

பின்வரிசை போனைப் பார்த்தபடியே சிரித்தது. அவனுக்குச் சுருக்கென்றது.

"குறுக்குக் கேள்வி கேட்டா வெளியே நிக்க வேண்டியிருக்கும்!"

முன்வரிசை எழுந்தது. "நிக்கிறேன் சார். அப்படியே அடுப்புல இருக்கிற பாலை இறக்கி வச்சிடட்டுமா?"

"அம்மா! நாளைக்குக் கிளாஸ்ல எவனாவது இப்படிக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அதுக்குத்தானேடா இன்னைக்கே கேக்குறேன்!"

அப்பா போனைக் கீழே வைத்தார். "பெல் அடிச்சாச்சா சார்?"

"இல்லப்பா."

அவன் ஹாலை விட்டு வெளியே போனான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து உள்ளே நுழைந்தான்.

அம்மாவும் அப்பாவும் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்று ராகம் இழுத்தார்கள்.